பனிக்காலத்துக்கு ஒரு பழைய கார்

பனிக்காலத்தை ஓட்ட மலிவா ஒரு பழைய கார் தேடுறீங்கன்னா, பெயிண்ட் பளபளப்புல மயங்காதீங்க. நான் முதல்ல குனிஞ்சு அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பேன். பனி உருகறதுக்காக ரோட்டுல தூவுற உப்பு பிரேக் குழாயையும் சேஸிஸையும் (வண்டியோட அடிச்சட்டம்) அரிச்சிடும். மேலாகத் துரு பிடிச்சிருந்தா பரவாயில்லை. அழுத்தினா பொத்துக்கிற இடம் இருந்தா, சும்மா கொடுத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.

இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. நீங்க போறதுக்குள்ள சூடு பண்ணி வெச்சிருந்தாங்கன்னா, இன்னொரு நாள் காலையில வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுங்க. குளிர்ல பேட்டரி சக்தி குறையும், ஆயில் கெட்டியாகும். வண்டியோட நிலைமை அப்பதான் தெரியும். ஹீட்டர் கண்டிப்பா வேலை செய்யணும்.

டயர் பக்கவாட்டுல 4 இலக்க எண் இருக்கும். 2319ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் தயாரானது. டயர் பட்டன், அதாவது ரோட்டுல படுற வரிகள், தேயாம நல்லா இருந்தாலும் பழைய ரப்பர் இறுகியிருக்கும், பனியில பிடிக்காது. வண்டி விலையில மிச்சம் பிடிச்சாவது பனிக்குன்னே செய்யுற விண்டர் டயர் நாலையும் புதுசா போட்டுடுங்க.