ஆன் செக்ஸ்டன் கட்டுரையின் ஏழாவது பத்தி

"ராபர்ட் லோவெல் கட்டுரை எழுதியவரிடமும் இப்படி ஒரு வரி கேட்டீர்களா, தம்பி?"

பேராசிரியர் தொலைபேசியில் இதைக் கேட்டபோது அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும். லோவெல் கட்டுரை என் மேசைக்கு வந்ததே பக்கமாக்கம் முடிந்த பிறகுதான் என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது அதையல்ல என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

லோவெல் உள்ளிட்ட அமெரிக்கக் கவிஞர்கள் பற்றிய எங்கள் தொகுப்புக்கு அவர் எழுதித் தந்த ஆன் செக்ஸ்டன் கட்டுரையில் குறை என்று எதுவும் இல்லை. இரண்டு சிறு பெண் குழந்தைகளின் தாய், மனம் உடைந்து சிகிச்சையில் இருந்தபோது, மருத்துவர் மார்ட்டின் ஆர்ன் ஊக்கம் தர, 1956இன் இறுதியில் கவிதை எழுதத் தொடங்குகிறார். 1960இல் முதல் தொகுப்பு, 1967இல் புலிட்சர் பரிசு, 1974இல் தன் 45ஆவது வயதில் தற்கொலை. அந்த வேகத்தை மூச்சு வாங்காமல் எழுதியிருந்தார். மூத்த மகள் லிண்டா, தாய் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதைச் சொன்ன செய்தி மட்டும் அதில் இல்லை. அதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன்.

என் தரப்பு இதுதான். இது செக்ஸ்டனுக்கு ஆகாதவர்கள் கிளப்பிவிட்ட வதந்தி அல்ல. அவரது எழுத்துகளுக்குப் பொறுப்பாளராக அவரே நியமித்த மகள் சொன்னது. 1991இல் டயேன் மிடில்புரூக் எழுதிய வாழ்க்கை வரலாற்றுக்காகச் சொன்னார். 1994இல் தன் நினைவுக் குறிப்பு நூலிலும் எழுதினார். தாயின் பெயரைக் காப்பதாக நினைத்து நாம் அதை விட்டுவிட்டால், அந்த மகளின் வாயை இரண்டாம் முறை அடைக்கிறோம். இப்போதும் இதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றிக்கொள்ளத் தயாராக இல்லை.

செக்ஸ்டன் செய்த குற்றத்தைப் பேராசிரியரும் சிறிதாக்கவில்லை. "மிடில்புரூக் 400 பக்கங்களுக்கு மேல் எழுதியிருக்கிறார். அங்கே அந்தச் செய்தியைச் சுற்றி ஒரு முழு வாழ்க்கை இருக்கிறது. நீங்கள் எனக்குக் கொடுத்தது 900 சொற்கள். அதில் இதைப் போட்டால் மற்ற 890 சொற்களையும் யாரும் படிக்க மாட்டார்கள்" என்றார்.

பிறகுதான் லோவெல் பற்றிய கேள்வி. 1959இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் லோவெல் நடத்திய வகுப்பில் செக்ஸ்டன் மாணவி. கவிஞர் சில்வியா பிளாத்தும் அதே வகுப்பில் இருந்தார். அந்த லோவெல், தான் பிரிந்து வந்த மனைவி எலிசபெத் ஹார்ட்விக் எழுதிய கடிதங்களை எடுத்து, மாற்றி, தன் கவிதைகளுக்குள் வைத்தார். வேண்டாம் என்று அவரது நெருங்கிய தோழியும் கவிஞருமான எலிசபெத் பிஷப் 1972இலேயே கடிதம் எழுதித் தடுத்துப் பார்த்தார். 1973இல் நூல் வந்தது. மறு ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. எங்கள் தொகுப்பின் லோவெல் கட்டுரையில் பரிசு இருந்தது. ஹார்ட்விக் பெயர் 'இரண்டாவது மனைவி' என்ற இடத்தில் ஒரே ஒரு முறை வந்து போயிற்று.

இரண்டும் ஒன்றா? இல்லை. ஒரு குழந்தைக்கு நேர்ந்ததையும் வளர்ந்த ஒருவரின் கடிதங்கள் திருடப்பட்டதையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. இதைப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, மருத்துவர்களின் விஷயத்துக்கு வந்தார்.

செக்ஸ்டனுக்குச் சிகிச்சை நேரத்தில் பேசியது வெளியே வந்ததும் மறந்துவிடும். அதனால் ஆர்ன் அந்தப் பேச்சுகளைப் பதிவு செய்தார். செக்ஸ்டன் அவற்றைத் திரும்பக் கேட்டுக் குறிப்பெடுத்துக்கொள்வார். அவர் இறந்த பிறகு, 300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட அந்த ஒலிநாடாக்களை ஆர்ன் வாழ்க்கை வரலாற்று ஆசிரியரிடம் கொடுத்தார். லிண்டாவும் சம்மதித்தார். பிறருக்கு உதவும்படி பயன்படுத்தச் சொல்லித் தன்னிடம் விட்டுச் சென்றவை அவை என்பது ஆர்ன் தரப்பு. 1991 ஜூலையில் இந்த விஷயம் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்துக்கு வந்து, மனநல மருத்துவர்களிடையே பெரும் சர்ச்சையானது. இவ்வளவும் எனக்கு முன்பே தெரியும். நான் சரியாகக் கவனிக்காமல் கடந்துபோயிருந்தது இன்னொன்று. ஆர்னுக்குப் பிறகு சிகிச்சை அளித்த மருத்துவர் செக்ஸ்டனோடு உடலுறவு வைத்திருந்தார். அதே வாழ்க்கை வரலாற்றில் அவருக்கு ஒரு புனைபெயர் தரப்பட்டிருக்கிறது.

"நோயாளி மருத்துவரின் அறைக்குள் அழுதது எல்லாருக்கும் கேட்கிறது. அந்த நோயாளியைப் பயன்படுத்திக்கொண்டவருக்கு முகத்திரை. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு உங்கள் வரியைக் கேளுங்கள்" என்றார் பேராசிரியர். நான் பதில் சொல்லவில்லை. சட்டச் சிக்கலுக்கு அஞ்சிப் புனைபெயர் வைத்திருக்கலாம் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். இறந்தவருக்கு அப்படி அஞ்சி நடக்க யாரும் இல்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை.

செக்ஸ்டன் தன் மனநோயை, கருக்கலைப்பை, சாக வேண்டும் என்ற ஆசையை வெளிப்படையாகக் கவிதையில் எழுதியவர். அப்படிப்பட்டவரிடம் மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அது வலுவான வாதமாகத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை. எதை எழுதுவது என்று தேர்ந்துகொண்டு, பலமுறை திருத்தி, வரி வரியாகச் செதுக்கியவர் அவர். மருத்துவரின் நாற்காலியில் பேசியதை அவர் திருத்தவில்லை.

முடிவில் ஏழாவது பத்தி மூன்று வாக்கியங்களாக வந்தது. மகள் சொன்னது முதல் வாக்கியம். மருத்துவர் செய்தது இரண்டாவது. அது பேராசிரியரின் நிபந்தனை. ஒலிநாடாக்கள் மூன்றாவது. முதன்மை ஆசிரியரிடம் போராடி, லோவெல் கட்டுரையிலும் ஹார்ட்விக்கின் கடிதங்கள் பற்றி இரண்டு வாக்கியம் ஏற்றினேன். நியாயம் செய்தாகிவிட்டது என்று அன்று மாலை எனக்குத் தோன்றியது.

இறுதி மெய்ப்பு பார்த்த பெண் நன்றாகப் படித்தவர். ஒற்றுப்பிழைகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. தொகுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "லோவெல் அருமை சார். அந்த இன்னொரு அம்மா, மகளையே அப்படிச் செய்தவர், அவர் கவிதைகளைப் படிக்க மனம் வரவில்லை" என்றார். ஹார்ட்விக் கடிதங்கள் பற்றிய வாக்கியங்களிலும் அவர் கைப்பட இட்ட திருத்தக் குறிகள் இருந்தன. படித்திருக்கிறார், மனதில் நிற்கவில்லை. செக்ஸ்டனின் மருத்துவரைப் பற்றிய வாக்கியம், மகள் பற்றிய வாக்கியத்துக்கு அடுத்ததாகவே இருந்தும், அதுவும் நிற்கவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். படிக்க மனம் வராமல் போவதற்கு அவருக்கு உரிமை உண்டு. லிண்டாவின் பக்கம் நின்று பார்த்தால், யாரோ ஒருவர் அதைப் படித்து அதிர்ந்தது சரியென்றுகூடச் சொல்வேன். ஆனால் அந்த அதிர்ச்சி பெண்ணின் குற்றத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு தயாராகக் காத்திருக்கிறது என்ற கேள்வி என்னை விடவில்லை. வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர் எவ்வளவு நேர்மையாக எடை போட்டாலும், படிக்கிறவர் கையில் வேறு தராசு இருக்கிறது. அதையும் எழுதுகிறவரே கணக்கில் எடுக்க வேண்டுமா? எடுத்தால் அது சலுகை ஆகிவிடாதா?

இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. ஏழாவது பத்தியை நீக்கச் சொல்லிப் பேராசிரியர் கேட்கவில்லை. கூடுதலாக நான்கு பக்கம் கேட்கிறார். கவிஞர் மாக்ஸின் குமினோடு செக்ஸ்டனுக்கு இருந்த நட்பை எழுத வேண்டுமாம். இருவரும் அவரவர் வீட்டில் இருந்தபடி தொலைபேசி இணைப்பை மணிக்கணக்கில் துண்டிக்காமல் வைத்துக்கொண்டு, எழுத எழுத ஒருவருக்கொருவர் கவிதைகளைப் படித்துக்காட்டித் திருத்தியவர்கள். ஒருவர் கூப்பிட வேண்டுமென்றால் விசிலடிப்பார். அந்தப் பக்கங்களுக்காக முதன்மை ஆசிரியரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அச்சுக்கான பக்கக் கணக்கு உதைக்கிறது என்கிறார். இவ்வளவும் சேர்ந்தால் ஏழாவது பத்தி மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்காது என்பது பேராசிரியரின் நம்பிக்கை. அது கொஞ்சம் துருத்திக்கொண்டுதான் நிற்க வேண்டும் என்று எனக்கு ஒரு பக்கம் தோன்றுகிறது. அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.