அவரைக்கு இருட்டு வேணுமாம்

வெளிய முழங்கால் அளவு பனி கிடக்கு, நான் என்னடான்னா டைனிங் டேபிள்ல டிஷ்யூ பேப்பரை நனைச்சு அதுல அவரை விதையை எண்ணி எண்ணி வச்சுட்டு உக்காந்திருந்தேன், நாலு நாளைக்கு முன்னாடி. பத்து விதை வச்சு சுருட்டி, ஒரு ஜிப்லாக் கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ் மேல வச்சாச்சு, அங்கதான் எங்க வீட்லயே கொஞ்சம் சூடு. வர்ற சனிக்கிழமை விதை மாத்துற நாள், முளைக்காத விதையைக் கொண்டுபோய் அடுத்தவங்க தலைல கட்டக்கூடாதுல்ல.

டொரண்டோல இந்த ஸ்கார்பரோ பக்கம் வந்த புதுசுல இப்படி ஒண்ணு நடக்குதுன்னே தெரியாது. கனடா பூராவும் பிப்ரவரி, மார்ச்ல ஊருக்கு ஊர் நடக்கும், பேரு சீடி சாட்டர்டே (Seedy Saturday, சீட்னா விதை). 1990ல வான்கூவர்ல வான்டுசென் தாவரவியல் பூங்காவுல ஆரம்பிச்சதாம். அந்த பேருக்கு இங்கிலீஷ்ல கொஞ்சம் கசமுசா அர்த்தமும் உண்டு, முதல் தடவை "சனிக்கிழமை சீடி சாட்டர்டே போறேன்"னு சொன்னப்ப வீட்டம்மா பாத்த பார்வை இருக்கே! ஒரு ஹால், நீளமா நாலு மேசை, சின்னச் சின்ன கவர்ல விதை, நம்மகிட்ட இருக்கறத வச்சுட்டு வேணுங்கறத எடுத்துக்கலாம், அவ்ளோதான் விஷயம்.

நான் முதல் வருஷம் விதை எதுவும் இல்லாம, மதுரைப் பக்கத்து அவரையோட கதையை மட்டும் எடுத்துட்டுத்தான் போனேன். அதுக்கு முந்தின கோடைல அந்த அவரையைத்தான் வேலி ஓரமா போட்டிருந்தேன், என்னா வளர்த்தி தெரியுமா, ஜூலைல வேலி தெரியல, ஆகஸ்ட்ல பக்கத்து வீட்டுக்காரர் ஷெட்டே தெரியல, ஆனா ஒரு பூ கூட இல்ல, நானும் உரம் பத்தலையோன்னு போட்டேன், தண்ணி ஜாஸ்தியோன்னு குறைச்சேன், திட்டிக்கூட பாத்தேன். செப்டம்பர் கடைசில கொத்துக் கொத்தா ஊதாப் பூ. காய் விரல் நீளம் வர்றதுக்குள்ள அக்டோபர்ல ஒரு ராத்திரி உறைபனி விழுந்து, காலைல பாத்தா மொத்தக் கொடியும் வேகவச்ச கீரை மாதிரி தொங்குது.

இந்தக் கதையை அங்க மேசைக்குப் பின்னாடி உக்காந்திருந்த ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டிகிட்ட சொன்னேன். சிரிச்சுட்டு, "தம்பி, அது ஊர் விதை, அதுக்கு இருட்டு வேணும், இஞ்ச கோடையில எங்க இருட்டு?" அப்படின்னாங்க. எனக்கு சட்டுன்னு புரியல, வீட்டுக்கு வந்து பாத்தாதான் தெரியுது. நம்ம ஊர் அவரை நிறைய ரகம் பகல் பொழுது குறைஞ்சாதான் பூக்கும். மதுரைல ஜூன்ல கூட பகல் 12 மணி 45 நிமிஷத்தைத் தாண்டாது. டொரண்டோல ஜூன்ல கிட்டத்தட்ட பதினஞ்சரை மணி நேரம் வெளிச்சம், அது மதுரை அளவுக்குக் குறையறதுக்கு செப்டம்பர் 10 வாக்குல ஆயிடுது. செடி பாவம் கணக்கா காத்துக்கிட்டு இருந்திருக்கு, நான்தான் திட்டிட்டேன்.

ஆன்ட்டிகிட்ட இருக்கற அவரை ஆகஸ்ட்லயே காய்க்குது. எட்டு வருஷமா அவங்க தோட்டத்துலயே எடுத்த விதை. "எந்தக் கொடி முதல் பூக்குதோ அதின்ர முதல் காயை கறிக்கு எடுக்கக்கூடாது, அதுதான் விதைக்கு." நாம எல்லாரும் என்ன பண்றோம், நல்ல பிஞ்சை எல்லாம் பொரியல் பண்ணிட்டு சீசன் முடியறப்ப மிஞ்சின முத்தலை விதைக்கு விடறோம், அப்ப லேட்டா காய்க்கறதையேதான் வருஷா வருஷம் தேர்ந்தெடுக்கறோம். இது எனக்கு உறைச்ச மாதிரி வேற எதுவும் உறைக்கல. அன்னைல இருந்து ஊர்ல இருந்து விதை வரும்னு காத்திருக்கறதை விட்டுட்டேன் (விதை கொண்டு வர்றதுக்கு ஏர்போர்ட்ல இருக்கற ரூல்ஸ் வேற), இங்கயே நாலு குளிர் பாத்தவங்க கையில இருக்கற விதையைத்தான் தேடறேன்.

ஒரே பிரச்சனை, பேரு. ஆன்ட்டி இன்னொரு கவர்ல "பயித்தங்காய்"னு எழுதிக் குடுத்தாங்க, நான் நம்ம பயத்தம்பருப்பு, பாசிப்பயறுன்னு நினைச்சு ஒரு மூலைல தூவி விட்டுட்டேன், அது பாத்தா தக்காளிக் கம்பி மேல ஏறி, கேபிள் ஒயர் மேல ஏறி, ஒரு முழத்துக்கு காய் தொங்குது! நாம காராமணின்னு சொல்றதுதான். அதனால தயவுசெஞ்சு கவர் மேல கொடியா செடியா, என்ன நிறம், எந்த வருஷம் எடுத்ததுன்னு எழுதுங்க. பூசணி, சுரைக்காய்ல எல்லாம் பக்கத்துத் தோட்டத்து மகரந்தம் கலந்துடும், கையால மகரந்தம் தடவி பூவைக் கட்டி வைக்கலன்னா அதையும் எழுதிடுங்க. வாய்ல வச்சா கசக்குற சுரைக்காயை யாரும் சமைச்சுடாதீங்க, அது நிஜமாவே விஷம். தக்காளி, அவரை இதெல்லாம் பெரும்பாலும் தன் பூவோட மகரந்தத்துலயே காய்ச்சுடும், கலக்காது, புது ஆளுங்க அதுல ஆரம்பிக்கலாம். கடைல வாங்கின எஃப்1 (ரெண்டு ரகத்தைக் கலந்து உருவாக்கின) தக்காளில இருந்து எடுத்த விதை மட்டும் கொண்டு வராதீங்க, அடுத்த தலைமுறை என்னவா வரும்னு அதுக்கே தெரியாது.

மிளகாய் போன வாரமே ட்ரேல போட்டாச்சு, முளைக்க மூணு வாரம் கூட இழுக்கும். தக்காளி மார்ச் கடைசில. பாகல் ஏப்ரல்ல, விதையோட மேல் ஓடை நெயில் கட்டரால லேசா நறுக்கி ஒரு ராத்திரி ஊறவச்சுட்டு. எதையும் மே பிற்பகுதில வர்ற விக்டோரியா டே லாங் வீக்கெண்டுக்கு முன்னாடி வெளிய நடறதா இல்ல, ஒரு வருஷம் மே முதல் வாரம் அவசரப்பட்டு பதினாறு கத்திரி நாத்தைப் பறி குடுத்தவன் நான்.

அஞ்சாம் நாள் இன்னைக்கு டிஷ்யூவைப் பிரிச்சுப் பாத்தேன், பத்துல எட்டு வால் விட்டிருக்கு. ஆன்ட்டிக்கு ஒரு கவர் தனியா எடுத்து வச்சிருக்கேன், அவங்க விதைதான், ஆனா என் வேலில முதல்ல பூத்த கொடியோட முதல் காய்.