லூலுவின் கொழுப்பில் இருந்தது

2016 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் டைரீ தீவில் லூலு என்ற பெண் ஓர்கா திமிங்கலம் செத்துக் கரை ஒதுங்கியது. மீன்பிடிக் கயிற்றில் சிக்கித்தான் இறந்திருக்கிறது. ஆனால் உடலைப் பரிசோதித்தவர்களை உலுக்கியது வேறு. கொழுப்பில் கிலோவுக்கு 957 மில்லிகிராம் பிசிபி என்ற நச்சு ரசாயனம்! கருவுறும் திறனையே கெடுக்கக்கூடியது அது. பாதிப்பு தொடங்கும் அளவைப்போல நூறு மடங்குக்கும் மேல். லூலுவுக்குக் குறைந்தது 20 வயது. ஒருமுறைகூடக் கருவுற்ற தடயமே இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய், பெயின்ட் என்று எதிலெல்லாமோ கலந்த ரசாயனம் பிசிபி. பிரிட்டன் 1981லேயே தடை செய்துவிட்டது. ஆனாலும் கடலை விட்டுப் போகவில்லை. மீனிலிருந்து சீலுக்கு, சீலிலிருந்து ஓர்காவுக்கு என்று ஏறி ஏறிக் கொழுப்பில் தங்கிவிடுகிறது. தாயின் உடம்பிலிருந்து அது பெருமளவு இறங்குவது பாலில்தான். தலைச்சன் குட்டி குடிப்பது அந்தப் பாலை. இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

லூலுவின் கூட்டத்தில் இப்போது கண்ணில் படுபவை ஜான் கோ, அக்வாரியஸ் என்ற இரண்டு ஆண்கள் மட்டும். அந்தக் கூட்டத்தில் குட்டி பிறந்ததை ஆய்வாளர்கள் பார்த்ததே இல்லை.

பிசிபி கழிவுகளை 2028க்குள் முறையாக அழிக்க வேண்டும் என்கிறது ஸ்டாக்ஹோம் சர்வதேச ஒப்பந்தம். பல நாடுகள் இன்னும் இழுத்தடிக்கின்றன. கோபம் கோபமாக வருகிறது.