மாடல் 100க்கு எஸ்டி கார்ட் டிரைவ்: கை சறுக்கும் இடங்கள்

1983இல் வந்த டிஆர்எஸ்-80 மாடல் 100 என்ற கையடக்கக் கணினிக்கு, அதை விற்ற டேண்டி நிறுவனமே விற்ற கையடக்க டிஸ்க் டிரைவ், ஒரு 3.5 அங்குல டிஸ்க்கில் 100 கிலோபைட் பிடிக்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்து ஈரத்தில் பழைய டிஸ்க்குகளில் பூஞ்சணம் படர்ந்துவிடும். அதைப் போட்டால் டிரைவின் வாசிப்புத் தலையும் அழுக்காகும். அந்த டிரைவைப் போலவே பதில் சொல்லும் எஸ்டி கார்ட் பெட்டியைக் கட்டிக்கொள்வதுதான் நல்லது.

தேவையானவை: 3.3 வோல்ட், 8 மெகாஹெர்ட்ஸ் ஆர்டுவினோ ப்ரோ மினி (புரோகிராம் ஏற்றக்கூடிய சிறு பலகை), மேக்ஸ்3232 சில்லு (கணினியின் தொடர் போர்ட்டின் வோல்ட்டையும் ஆர்டுவினோவின் வோல்ட்டையும் ஒன்றுக்கொன்று மாற்றுவது), 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஐந்து, எஸ்டி சொக்கட், ஏஎம்எஸ்1117-3.3 ரெகுலேட்டர் (வோல்ட்டை 3.3இல் நிலைநிறுத்துவது), கணினியின் தொடர் போர்ட்டில் மாட்ட 25 கால் கொண்ட ஆண் டிபி-25 பிளக். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடிப் பாருங்கள். 5 வோல்ட் ஆர்டுவினோவை வாங்கிவிடாதீர்கள். எஸ்டி கார்டின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை.

பிளக்கில் 2ஆம் கால் கணினி அனுப்புவது, 3 அது பெறுவது, 7 பூமி (கிரவுண்ட்). 4ஐயும் 5ஐயும் ஒன்றாக, 6ஐயும் 20ஐயும் ஒன்றாகப் பற்றவைத்துவிடுங்கள். இதை விட்டால் கணினி எதிரில் ஆளே இல்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டே இருக்கும். மேக்ஸ்3232இன் வரவுக் கம்பி ஆர்டுவினோவின் 0ஆம் காலுக்குப் போவதால், புரோகிராம் ஏற்றும்போது அதைக் கழற்றிவிட வேண்டும்.

எஸ்டி கார்ட் எழுதும்போது மின்னோட்டம் சட்டென்று ஏறும். ப்ரோ மினியின் சொந்த ரெகுலேட்டரை நம்பாமல் கார்டுக்கு ஏஎம்எஸ்1117ஐயே கொடுத்து, சொக்கட்டுக்கு அருகில் 100 மைக்ரோஃபாரட் வையுங்கள். மின்வெட்டுக்கென்று பவர் பேங்க் மாட்டினால், இவ்வளவு குறைந்த இழுவையைப் பார்த்துச் சில பவர் பேங்க் தானே அணைந்துவிடும். நான்கு ஏஏ அல்கலைன் பற்றரி நம்பகமானது.

கணினியும் பெட்டியும் பேசும் வேகம் வினாடிக்கு 19200 பிட், 8 பிட் தரவு, பரிட்டி இல்லை, 1 ஸ்டொப் பிட். ஒவ்வொரு கட்டளையும் 90, 90 என்ற இரு பைட்டில் தொடங்கும். பிறகு கட்டளை எண், நீளம், தரவு, சரிபார்ப்பு பைட். கட்டளை எண்ணிலிருந்து தரவு முடியும்வரை கூட்டி, கீழ் 8 பிட்டைத் தலைகீழாக்கினால் சரிபார்ப்பு வரும். முதலில் சாதாரணக் கணினியிலிருந்து 90 90 7 0 248 அனுப்பிப் பாருங்கள். 18 1 0 236 திரும்பினால் டிரைவ் உயிரோடு இருக்கிறது.

கூடுதலாக நேரத்தைத் தின்பது கோப்புப் பெயர்தான். மாடல் 100 பெயரை ஆறு எழுத்துக்கு இடைவெளியால் நிரப்பி, அதன்பிறகே புள்ளியும் இரண்டெழுத்து விகுதியும் வைக்கும். கார்டில் அந்த இடைவெளிகளை நீக்கிச் சேமித்து, பட்டியல் அனுப்பும்போது மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் கோப்பு கார்டில் இருந்தும் கணினியால் அதைத் திறக்க முடியாது.

எழுதும் கட்டளை ஒருமுறைக்கு 128 பைட் வரை கொண்டுவரும். வரும் பைட்டுகளை ஆர்டுவினோ தற்காலிகமாகத் தேக்கிவைக்கும் வரவுக் கிடங்கோ 64 பைட். வரவரப் படித்து முழுதாகச் சேர்த்து, சரிபார்த்த பிறகே கார்டைத் தொடுங்கள்.

பற்றவைத்தபின் பலகையில் மிஞ்சும் ஃப்ளக்ஸ் பசையை ஐசோப்ரொபைல் அல்கஹோலால் துடைத்துக் காயவிடுங்கள். மூடுபனிக் காலத்தில் அந்தப் பசை ஈரம் இழுக்கும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பையும் போடலாம்.

கணினியின் உள்ளே இருக்கும் 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பற்றரியையும் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் உடனே கழற்றிப் புதியது போடுங்கள். அது ஒழுகினால் பலகையின் செப்புக் கோடுகளை அரித்துவிடும், அதற்குப் பிறகு எந்த டிரைவும் பயன்படாது.