எட்டுப் பாக ஆழத்தில் அப்பாவின் குதிகால்

அப்பா குளச்சல் கடலில் சிப்பி எடுக்க முங்கித்தான் எங்களை வளர்த்தார். சர்க்கரை நோயால் அவருடைய இடது குதிகாலில் வந்த புண் ஐந்து மாதமாகியும் ஆறவில்லை. முதலில் பார்த்த இடத்தில் கட்டு மாற்றியதோடு சரி; காலை ஊன்றக்கூடாது என்றுகூட யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை. புண் எலும்பைத் தொட்ட பிறகு, திருவனந்தபுரத்தில் ஒரு டாக்டர் உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையைச் சொன்னார். காற்றழுத்தம் கூட்டிய மூடிய அறைக்குள் படுத்து, சுத்தமான ஆக்சிஜனைச் சுவாசிப்பதுதான் அது. மொத்தம் 30 சிட்டிங், வாரம் ஐந்து நாள், தினமும் 90 நிமிடம். களியக்காவிளை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று.

மார்பு எக்ஸ்ரேயும் காதும் பார்த்த பிறகே அந்த அறைக்குள் விட்டார்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு என்பதால் பருத்தி உடை மட்டும்தான். போன் கூடாது, தலையில் எண்ணெயும் கூடாது. தேங்காய் எண்ணெய் இல்லாமல் அப்பா வீட்டை விட்டு இறங்கியதே இல்லை, அதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம். அழுத்தம் ஏறும்போது காது அடைத்தால் என்ன செய்வது என்று நர்ஸ் விளக்க ஆரம்பித்தார். அதற்குள் அப்பா மூக்கைப் பொத்தி ஊதிக் காட்டிவிட்டார். சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 2.4 மடங்கு என்றால் கடலில் 14 மீட்டர் ஆழம், அதாவது ஏறக்குறைய எட்டுப் பாகம். அவருக்குப் பழகிய ஆழம்.

மூக்கில் குழாய் வைத்தால் போதாதா என்று கேட்டேன். சிவப்பணுக்கள் ஏற்கெனவே ஆக்சிஜனால் நிறைந்துதான் ஓடுகின்றன, அவற்றில் இனி இடமில்லை என்றார் டாக்டர். அழுத்தம் கொடுத்தால்தான் இரத்தத்தின் நீர்ப்பகுதியிலேயே ஆக்சிஜன் கரையும். சாதாரணமாக 100 மில்லி இரத்தத்தில் 0.3 மில்லி கரைந்திருப்பது, உள்ளே 4, 5 மில்லி வரை போகும். இரத்தக் குழாய் சுருங்கிப்போன குதிகாலில் பட்டினி கிடந்த செல்களுக்கு அப்போது மூச்சு கிடைக்கிறது. ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் புண்ணை மூடும் கொலாஜன் என்ற புரத நாரை நெய்ய ஆக்சிஜன் வேண்டும். வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லவும் அதுவே வேண்டும். நாள்பட நாள்பட புதிய நுண்குழாய்களும் முளைக்கின்றன. ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை, அதனால்தான் இத்தனை சிட்டிங்.

சர்க்கரை இறங்கிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் பார்த்தார்கள். அழுகிய சதையை வெட்டுவது, மாத்திரை, காலை ஊன்றாமல் இருப்பது எதையும் நிறுத்தவில்லை. அறைக்குள் படுத்தாலே ஆறிவிடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

பன்னிரண்டாவது சிட்டிங்குக்குப் பிறகு புண்ணின் அடியில் சிவப்பாகச் சதை தெரிந்தது. அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டாள். முப்பது முடிந்தபோது ஒரு நகம் அளவுக்குச் சுருங்கியிருந்தது. மேலும் இரண்டு மாதம் கட்டு போட்டு மூடியது.

இடையில் ஒரு பயம். தூரத்துப் படகு மங்கலாகத் தெரிகிறது என்றார் அப்பா. கண் லென்ஸில் வரும் தற்காலிக மாற்றம், தானே சரியாகும் என்றார்கள். போன வாரம் கரையில் நின்றபடியே, வருவது யாருடைய வள்ளம் என்று சொன்னார்.