பத்து வீதம் பேருக்குப் புதுப் பதிப்பு: இந்தப் போகத்தில் நான் பட்ட பாடு

போன பெரும்போகத்தில் கமக்காரர் நெல் வெட்டும் மெசினுக்கு நாள் குறித்துப் பதியும் எங்கள் இணையத்தளத்தை அறுவடை நடுவில் ஒரே இரவில் புதுப் பதிப்புக்கு மாற்றினோம். காலை ஆறு மணிக்கு அக்கராயனிலிருந்து முதல் அழைப்பு வந்தது. மத்தியானம் வரை போனைக் கீழே வைக்க முடியவில்லை. கதிர் சாயத் தொடங்கிய வயலில் ஒரு நாள் பிந்தினாலே கமக்காரருக்கு நட்டம், மழையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அதனால் இந்த முறை புதுப் பதிப்பை முதலில் பத்து வீதம் பேருக்கு மட்டும் காட்டி, பிழை இல்லையென்றால் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்தோம். கிளிநொச்சியில் நாங்கள் மூன்று பேர், ஒரு சின்ன சேர்வர், பருவத்தில் அறுநூறு பாவனையாளர்கள். அவ்வளவுதான் எங்கள் அளவு.

பழைய பதிப்பை 3001 போர்ட்டிலும் புதியதை 3002 இலும் ஓடவிட்டு, முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருளில், வருபவர்களை வீதப்படி பிரிக்கும் ஸ்பிளிட் கிளையன்ட்ஸ் கட்டளையை எழுதுவது அரை மணி நேர வேலை. அதில் ஒரு சிக்கலும் இல்லை.

சிக்கல் நான் கொடுத்த சாவியில் இருந்தது. ஸ்பிளிட் கிளையன்ட்ஸ் நாங்கள் கொடுக்கும் ஒரு சொல்லை, அதாவது சாவியை, மர்மர்ஹாஷ்2 என்ற கணக்கு மூலம் ஒரு எண்ணாக்கி, அந்த எண் எந்தப் பங்குக்குள் விழுகிறது என்று பார்த்து அனுப்பும். ஒரே சொல் கொடுத்தால் எப்போதும் ஒரே பக்கம். எல்லா உதாரணங்களிலும் இருப்பதுபோல நானும் ஐ.பி. முகவரியையே கொடுத்தேன். கொழும்பில் அலுவலகத்திலிருந்து பார்க்கும் தளமென்றால் ஒருவேளை சமாளிக்கலாம். இங்கே கிட்டத்தட்ட எல்லோரும் போன் டேட்டாவில்தான் வருகிறார்கள். ஐ.பி.வி4 முகவரிகள் போதாததால் மொபைல் நிறுவனங்கள் பெருந்தொகையான போன்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. எங்கள் அறுநூறு பேரும் சேர்வரின் கண்ணுக்குச் சில பத்து முகவரிகள்தான். அதனால் முதல் நாள் புதுப் பதிப்புக்கு மூன்று பேர்தான் வந்தார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் தருமபுரம் பக்கம் இருந்தவர்கள் கூட்டமாக அதற்குள் விழுந்தார்கள்.

அதைவிட மோசம், போன் திரும்ப இணையும்போது முகவரி மாறுவது. பதிவின் பாதியில் ஆள் பழைய பதிப்புக்குத் தூக்கி எறியப்படுவார். விசுவமடுவிலிருந்து ஒரு அண்ணை எடுத்தார்: “தம்பி, திகதியை அமத்தினாப் பிறகு ஒண்டும் வரேல்லை, வெள்ளையாக் கிடக்கு.” போனில் விளங்கவில்லை. பஸ் ஏறிப் பரந்தனில் இறங்கி, ஏ35 வீதியால் இன்னொரு பஸ். அவர் வீட்டுத் திண்ணையில் இருந்து நான் ஐந்து தடவை பதிவு செய்து பார்த்தேன். ஐந்தும் வேலை செய்தது. அவருக்குச் சங்கடம், எனக்கு அதைவிடச் சங்கடம். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்த வழியே திரும்பினேன். கிளிநொச்சியில் இறங்கமுன் அவரிடமிருந்து அதே முறைப்பாடு திரும்ப வந்தது.

இரவு சேர்வரின் லொக்கை, யார் எதைக் கேட்டார்கள் என்ற பதிவேட்டை, தோண்டியபோதுதான் பிடிபட்டது. பக்கம் ஒரு முகவரியிலிருந்து கேட்கப்பட்டிருக்கிறது, புதுப் பதிப்பு கொடுத்திருக்கிறது. நாலு நிமிடம் கழித்து, திகதியை அமத்தியதும் அந்தப் பக்கத்துக்கு வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வேறொரு முகவரியிலிருந்து கேட்கப்பட்டிருக்கிறது. அது பழைய பதிப்புக்குப் போயிருக்கிறது. கோப்பின் பெயரில் பதிப்புக்குப் பதிப்பு மாறும் எழுத்துக்கள் இருப்பதால் பழையதிடம் அந்தக் கோப்பே இல்லை. 404, அதாவது கோப்பு இல்லை என்ற பதில். வெள்ளைத் திரை.

இதிலிருந்து இரண்டு வேலை செய்தேன், நீங்கள் முதல் நாளே செய்யுங்கள். இரண்டு பதிப்பின் கோப்புகளையும் ஒரே அடைவில் போட்டு, பிரிப்புக்குள் போகாமல் நேரடியாகக் கொடுத்தேன். யார் எந்தப் பதிப்பில் இருந்தாலும் கேட்ட கோப்பு கிடைக்கும். அடுத்தது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் பதிப்பின் பெயரைச் சின்ன எழுத்தில் அச்சடித்தேன். அது முதலே இருந்திருந்தால் “அண்ணை, கடைசி வரியை வாசியுங்கோ” என்று கேட்டிருப்பேன், ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

சாவியை ஐ.பி. முகவரியிலிருந்து குக்கிக்கு, அதாவது தளம் பாவனையாளரின் பிரவுசரில் வைக்கும் சின்னக் குறிப்புக்கு, மாற்றியதும் எல்லாம் சரி என்று நினைத்தேன். அங்கே ஒரு குழி. முதல் தடவை வருபவரிடம் குக்கி இல்லை, சாவி வெறுமை. வெறுமையான சொல்லுக்கும் எப்போதும் ஒரே எண்தான். அதனால் புதிதாக வந்த எல்லோரும் ஒரே பக்கம் போனார்கள். மேப் ஒன்று (ஒரு மதிப்பைப் பார்த்து இன்னொன்றைத் தரும் என்ஜின்எக்ஸ் கட்டளை) எழுதி, குக்கி வெறுமையாக இருந்தால் அந்தக் கோரிக்கைக்கு என்ஜின்எக்ஸ் தானே உருவாக்கும் ரிக்வெஸ்ட் ஐடியை எடுத்து, அதையே சாவியாக்கி, அதையே குக்கியாகவும் திருப்பி அனுப்ப வேண்டும். எழுதினேன். குக்கி போகவில்லை! அரை நாள் போனது. காரணம், அமைப்பின் உட்பகுதியான லொக்கேஷனுக்குள் கேஷ் பற்றி ஏற்கெனவே ஒரு ஆட் ஹெடர் வரி (பதிலோடு குக்கி போன்ற குறிப்புகளைச் சேர்த்து அனுப்பும் கட்டளை) வைத்திருந்தேன். உள்ளே ஒரு ஆட் ஹெடர் இருந்தால் வெளியே எழுதிய ஆட் ஹெடர்கள் ஒன்றும் உள்ளே வராது. என்ஜின்எக்ஸ் இதற்கு எச்சரிக்கையும் தராது, பேசாமல் விட்டுவிடும். குக்கி வரியை உள்ளேயும் எழுதுங்கள்.

அடுத்த நாள் காலை பார்த்தால் பிரிப்பே இல்லை. நான் எழுதியது முழுக்க அழிந்து, எல்லோரும் பழைய பதிப்பில். ஹோஸ்டிங் கொம்பனியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். “உங்கள் தளம் இங்கே சரியாகத் திறக்கிறது” என்று ஒரு படத்துடன் பதில். தளம் திறக்கிறது, என் அமைப்புத்தான் அழிகிறது என்று விளக்கினேன். அதே படம். மூன்றாம் தடவையும் எழுதினேன். பதிலே இல்லாமல் முறைப்பாட்டை மூடிவிட்டார்கள். மாதா மாதம் காசு வாங்கிக்கொண்டு கேள்வியை ஒருமுறை முழுதாக வாசிக்காமல் விடுவது எனக்கு இன்றைக்கும் கோபம்தான். கடைசியில் நானே கண்டுபிடித்தேன்: அவர்களின் கட்டுப்பாட்டுப் பலகை இரவில் என்ஜின்எக்ஸ் அமைப்பைத் திரும்ப எழுதுகிறது. பலகைக்குள் நாங்கள் சேர்க்க ஒரு பெட்டி உண்டு, ஆனால் அது சேர்வர் பகுதிக்குள் போகிறது. ஸ்பிளிட் கிளையன்ட்ஸ் அதற்கு வெளியே, எச்டிடிபி மட்டத்தில் மட்டுமே செல்லும், அதையும் மேப்பையும் தனிக் கோப்பாக கான்ஃப்.டி அடைவில் போட்டேன். சேர்வருக்குரிய வரிகளை மட்டும் பெட்டிக்குள் வைத்தேன். அன்றைக்குப் பிறகு அழியவில்லை.

இவ்வளவும் திரையில் பட்ட பாடு. வயலில் பட்டது ஒன்று இருக்கிறது, அதை நினைத்தால் இன்னும் மனம் கனக்கிறது. புதுப் பதிப்பு ஒரு நாளைக் காலை, பின்னேரம் என்று இரண்டாகப் பிரித்தது. பழையதற்கு அது தெரியாது, முழு நாளாகவே எழுதியது. இரண்டும் ஒரே டேட்டாபேஸ். முழங்காவில் பக்கம் ஒரு மெசின், ஒரே நாள், இரண்டு கமக்காரர். ஒருவர் பழைய பதிப்பால் முழு நாளுக்கு, மற்றவர் புதியதால் பின்னேரத்துக்கு. இரண்டாமவர் சாக்குகளைக் கொண்டுவந்து அடுக்கிவிட்டு, கூலிக்கு ஆட்களையும் வைத்துக்கொண்டு வரம்பில் நின்றார். நான் போனில் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைத் தம்பி, நாளைக்கு வெட்டுவம்” என்றார். அந்த ஆட்களின் அன்றைய கூலியை நாங்கள் கொடுத்தோம்.

ஆகவே பிரிப்புக்கு முதல் டேட்டாபேஸ். டேட்டாபேஸ் அட்டவணையில் புது நிரலை (கொலம்) சேர்த்து, அது வெறுமையாக இருந்தாலும் இரண்டு பதிப்பும் விழாதபடி செய்து, பழைய பதிப்பு முழு நாள் எழுதினால் காலை பின்னேரம் இரண்டையும் டேட்டாபேஸே பூட்டும்படி விதி வைத்து, அதற்குப் பிறகுதான் ஒரு வீதமேனும் திறக்க வேண்டும். பழைய நிரலை அழிப்பது எல்லோரும் மாறி முடிந்த பிறகு.

எண்ணிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு ஒரு வீதமே ஆயிரக்கணக்கான பேர். எங்களுக்குப் பத்து வீதம் அறுபது பேர், ஒரு நாளில் வருவது இருபது. அதில் ஒருவருக்குப் பிழை என்றால் ஐந்து வீதம், அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. அதனால் பிழை வீத அட்டவணை பார்ப்பதை விட்டு, எடுத்தால் கதைக்கக்கூடிய பன்னிரண்டு பேருக்கு ஒரு சிறப்பு இணைப்பு அனுப்பினேன். அதை அமத்தினால் புதுப் பதிப்புக்கான குக்கி விழும். மூன்று நாள் ஒவ்வொரு பின்னேரமும் பன்னிரண்டு பேருக்கும் நானே எடுத்தேன். பதிப்பில் இருந்த உண்மையான பிழைகள் முழுக்க அங்கேதான் வெளியே வந்தன. பல சேர்வர்களை ஒன்றாக நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் வைத்திருப்பவர்களுக்கு, அதன் வாசலில் நிற்கும் என்ஜின்எக்ஸ் இன்கிரஸில் இது தயாராகவே உண்டு: ஹெடர், பிறகு குக்கி, அதற்குப் பிறகுதான் வீதம் என்ற வரிசையில் பார்க்கும். கூகிள் ஆப் என்ஜினில் ஐ.பி., குக்கி, எழுமாறு என்று மூன்று வழி கேட்கும். இங்கே இருப்பவர்கள் யோசிக்காமல் குக்கியைத் தெரிவு செய்யுங்கள்.

பத்து வீதத்திலிருந்து இருபத்தைந்துக்கு ஏற்றும்போது ஸ்பிளிட் கிளையன்ட்ஸில் வரிகளின் வரிசையை மாற்ற வேண்டாம். புதுப் பதிப்பின் வரியை முதலில் வைத்து எண்ணை மட்டும் கூட்டினால், ஏற்கெனவே புதியதில் இருந்தவர்கள் அங்கேயே இருப்பார்கள். வரிகளை இடம் மாற்றினால் ஆட்களும் மாறுவார்கள்.

ஐம்பதுக்கு ஏற்றிய அன்று காலை எட்டே முக்காலுக்குப் புதுப் பக்கத்தில் பிழைகள் வரிசையாக விழத் தொடங்கின. கை நடுங்கியது, உண்மைதான். எண்ணைப் பூச்சியமாக்கி, சிறப்புக் குக்கியையும் பழைய பக்கம் திருப்பி, சோதனைக் கட்டளை ஓட்டி, ரீலோட். ஏற்கெனவே உள்ளே இருந்த கோரிக்கைகளை என்ஜின்எக்ஸின் பழைய வேர்க்கர்கள் (கோரிக்கைகளைக் கவனிக்கும் செயல்கள்) முடித்துவிட்டுப் போயின, புதிதாக வந்த கோரிக்கைகள் பழைய பதிப்புக்குப் போயின. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கியது. அன்று முழுக்க போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு அழைப்பும் வரவில்லை. போன வருடத்தை நினைத்து நாங்கள் மூவரும் மத்தியானச் சாப்பாட்டை நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

பிழையைத் திருத்தி இரண்டு நாளில் திரும்ப ஏற்றினோம். இப்போது நூறு வீதம். 3001 போர்ட்டில் பழையது இன்னும் ஓடுகிறது, அறுவடை முடியும்வரை நிறுத்தப்போவதில்லை. நேற்று விசுவமடு அண்ணைக்கு எடுத்துப் பக்கத்தின் கடைசி வரியை வாசிக்கச் சொன்னேன். கண்ணாடி தேடி எடுத்து வந்து, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். புதுப் பதிப்புத்தான்.