தள்ளுபடி என்று எழுதி வைத்திருந்தேன்

2017 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை. வெளிநாட்டுச் செய்தி டெஸ்க்கில் எனக்குப் பகல் ஷிஃப்ட். கென்ய அதிபர் தேர்தல் முடிவை எதிர்த்து எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்கா போட்ட வழக்கில் தீர்ப்பு வரவேண்டிய நாள். 'ஒடிங்கா மனு தள்ளுபடி' என்று தலைப்போடு செய்தியை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டேன்.

2013-லும் இதே ரைலா ஒடிங்கா வழக்குப் போட்டுத் தோற்றவர்தான். இந்த முறை அப்போதைய அதிபர் உஹுரு கென்யாட்டா அவரைவிடச் சுமார் 14 லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கியிருந்தார். வாக்குப்பதிவு நன்றாக நடந்தது என்று அமெரிக்க முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி முதலான பார்வையாளர்கள் வேறு சொல்லியிருந்தார்கள். அப்புறம் என்ன சந்தேகம்?

மதியம் ஏஜென்சி அலர்ட் வந்தது. 'செல்லாது' என்று கண்ணில் பட்டதும், மனுதான் செல்லாதுபோல என்று நினைத்துக் கை பப்ளிஷ் பட்டனுக்குப் போய்விட்டது. பக்கத்து சீட்டு நண்பர், "யோவ், தேர்தலே செல்லாதாம்யா!" என்று கத்தியிராவிட்டால் அன்றைக்கு மானம் போயிருக்கும். டிவியில் தலைமை நீதிபதி டேவிட் மராகா வாசித்துக்கொண்டிருந்தார். நான்குக்கு இரண்டு என்ற பெரும்பான்மைத் தீர்ப்பு; 60 நாட்களுக்குள் மறுதேர்தல்.

அவசரமாகச் செய்தியை மாற்றி எழுதும்போதுதான் உறைத்தது. வழக்கின் உயிரே படிவம் 34ஏ, அதாவது ஒவ்வொரு வாக்குச்சாவடியின் முடிவையும் எழுதும் தாள். 40,883 வாக்குச்சாவடிகளிலும் எண்ணி முடித்ததும் எண்ணிக்கையோடு இந்தப் படிவத்தின் ஸ்கேன் நகலையும் அனுப்ப வேண்டும். ஆயிரக்கணக்கான சாவடிகளிலிருந்து எண் வந்தது, படிவம் வரவில்லை. எல்லாம் வந்து சேருமுன்பே முடிவை அறிவித்துவிட்டார்கள். முடிவுகள் வந்து சேர்ந்த சர்வரைப் பார்க்க அனுமதியுங்கள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டும் தேர்தல் ஆணையம் முழுமையாகத் திறந்து காட்டவில்லை. 3ஜி சிக்னல் இல்லை என்றது ஆணையம். சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போய் அனுப்பியிருக்க வேண்டியதுதானே என்று செப்டம்பர் 20-ல் வந்த விரிவான தீர்ப்பு கேட்டது. சட்டம் படித்த நண்பர்களுக்கு இந்த வரி ரொம்பப் பிடித்துப்போனது.

இந்தப் படிவ விவகாரம் எனக்குத் தெரியாததில்லை. ஆகஸ்டில் மனு தாக்கலானபோது ஏஜென்சி விவரமாகவே கொடுத்திருந்தது. வாசகருக்கு போரடிக்கும் என்று அந்தப் பத்தியை வெட்டியது நான்தான்.

அக்டோபர் 26 மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணித்தார். கென்யாட்டாவுக்கு 98 சதவீத வாக்கு. அந்தச் செய்தியில் படிவம் 34ஏ-க்கு மூன்று பத்தி ஒதுக்கினேன். சீஃப் சப் எடிட்டர் இரண்டை வெட்டிவிட்டார்.